மாப்ளே, பழைய டேப் என்ன பாவம் பண்ணுச்சு?

ஏய்யா மாப்ளே, புது ஐபேட் மினி வாங்கலாமா, இருக்கிறதையே வச்சு ஓட்டலாமான்னு மாமன்கிட்ட யோசனை கேட்டிருக்கியே, உனக்குப் பெரிய மனசுதான். ஹனோவர்ல இன்ஜினியரா இருக்கிறவன், கோவில்பட்டிப் பக்கம் பருத்திக்கும் உளுந்துக்கும் நடுவுல நிக்கிறவன்கிட்ட டேப்புக்கு யோசனை கேக்கிறான்னா ரெண்டுல ஒண்ணுதான் நடந்திருக்கணும். ஒண்ணு, அங்க இருக்கிற விவரம் தெரிஞ்சவங்க எல்லாம் வேண்டாம்னு சொல்லியிருக்கணும். இல்லாட்டி உன் வீட்டுக்காரி வேண்டாம்னு சொல்லியிருக்கணும். ரெண்டாவதுதான்னு என் மனசு சொல்லுது. 'வாங்கு'ன்னு ஒரு பெரிய மனுசன் வாயில இருந்து வந்துட்டா, பழியைத் தூக்கி மாமன் தலையில வச்சுடலாம்னு கணக்குப் போட்டுட்டே. போடு, போடு. காதுகுத்துக்கு மடி கொடுத்தவன் இதுக்குத் தலை கொடுக்க மாட்டேனா?

விஷயத்துக்கு வருவோம். உன்கிட்ட இருக்கிறது 2021 செப்டம்பர்ல வந்த ஆறாம் தலைமுறை மினி. நீ கண்ணு வச்சிருக்கிறது 2024 அக்டோபர்ல வந்த அடுத்தது. ரெண்டோட விவரத்தையும் அனுப்பியிருந்தே. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு வரி வரியாப் படிச்சேன். பழசுக்குத் திரை 8.3 அங்குலம். புதுசுக்கும் 8.3 அங்குலம். பழசு 293 கிராம். புதுசும் 293 கிராம். நீளம், அகலம், கனம் மூணும் ஒரே அளவு. ஒரு தடவை சார்ஜ் ஏத்தினா பழசு பத்து மணி நேரம் ஓடும்னு கம்பெனி சொல்லியிருந்துச்சு. புதுசுக்கும் அதே பத்து மணி நேரத்தைத்தான் சொல்லுது. உன் அத்தைகிட்ட ரெண்டு படத்தையும் காட்டி, "இதுல எது புதுசு, கண்டுபிடி"ன்னேன். "ஒரே படத்தை எதுக்கு ரெண்டு தடவை அனுப்பியிருக்கான்?"னு கேட்டா.

சும்மா சொல்லக் கூடாது, வித்தியாசமும் இருக்கு. உள்ளே ஓடுற சிப் ஏ15-ல இருந்து ஏ17 புரோவுக்கு ஏறியிருக்கு. ரேம் 4 ஜிபியில இருந்து 8 ஆயிருக்கு. ஆரம்ப மாடல்ல 64 ஜிபியா இருந்த இடம் 128 ஆயிருக்கு. புதுப் பேனா ஒண்ணு எழுதும். அந்தப் பேனா சமாச்சாரத்துல ஒரு சூட்சுமம் இருக்கே, கவனிச்சியா? நீ பழசோட சேர்த்து வாங்கின ரெண்டாம் தலைமுறை ஆப்பிள் பென்சில் புது மினியில எழுதாது. டேப்பை மாத்தினா பேனாவையும் மாத்தணும். 599 யூரோவுல இருந்து கிடைக்கும்னு நீ சொன்னது டேப்புக்கு மட்டும் உள்ள விலை. பேனாவையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துட்டுத்தான் வீட்டுக்காரிகிட்ட பேச்சை எடுத்தியா, இல்ல பாதிக் கணக்கை மட்டும் காட்டினியா?

"பழசு மெதுவா இருக்கு மாமா"ங்கிறே. எந்த வேலையில மெதுவா? போன கோடையில உன் வீட்ல தங்கியிருந்தப்ப நானும் பார்த்தேனே. காலையில காபியோட தினத்தந்தி. ஞாயித்துக்கிழமை உங்கம்மாகூட வீடியோ பேச்சு. பேத்தி அதுல ஜெர்மன் வார்த்தை படிக்கிறா. ராத்திரி நீ படுத்துக்கிட்டே, எவனோ ஒருத்தன் புது டேப்பைப் பெட்டியில இருந்து பிரிக்கிறதை மணிக்கணக்காப் பாக்கிறே. அந்த வீடியோ பழைய டேப்ல சிக்காம தடங்காமத்தான் ஓடுச்சு. தன்னை மாத்தச் சொல்லித் தூண்டிவிடுற வீடியோவைக்கூட முகம் சுளிக்காம ஓட்டிக் காட்டுது பார், அந்த விசுவாசத்துக்காவது ஒரு மரியாதை வேண்டாமா?

தமிழ்ப் புத்தகம் படிக்கிறதுக்குத்தான்னு இன்னொரு காரணம் வேற சொன்னே. கேக்கவே சந்தோசமா இருந்தது. 1998 பொங்கலன்னிக்கு, சுவிட்சர்லாந்துல லோசான் நகரத்துல இருந்த கல்யாணசுந்தரம் ஐயா முன்னால நின்னு மதுரைத் திட்டத்தை ஆரம்பிச்சார். உலகம் முழுக்க இருக்கிற தமிழ் ஆளுக தட்டச்சுப் பண்ணிக் கொடுத்து, பழைய நூல்களையெல்லாம் இலவசமா வாசிக்க வச்சிருக்காங்க. பூராவும் வெறும் எழுத்து. அதைத் திறக்க ஏ17 புரோ சிப் கேக்காது. 2012-ல வந்த முதல் மினியே போதும். சங்க இலக்கியம் படிக்க வேகம் பத்தலைன்னு குறைப்பட்டுக்கிட்ட முதல் ஆளு இந்த பூமியில நீதான்.

கருவியைச் சீர்படுத்துற பைத்தியத்துக்கு உன் ஊர்லயே ஒரு பெரிய முன்னோடி இருந்தாரே, லைப்னிட்ஸ். 1676 கடைசியில ஹனோவருக்கு வேலைக்கு வந்தவர், 1716-ல கண்ணை மூடுற வரைக்கும் அந்த ஊர் சம்பளம்தான். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நாலையும் போடுற இயந்திரம் செய்யணும்னு அவருக்கு ஒரு வெறி. ஹனோவருக்கு வர்றதுக்கு முன்னாலயே, 1673-ல லண்டன்ல ஒரு மாதிரியைக் கொண்டுபோய்க் காட்டினார். அதுக்கப்புறம் கடைசிக் காலம் வரைக்கும் சக்கரத்தை மாத்துறதும் ஆசாரியை மாத்துறதும் கைக்காசைக் கொட்டுறதுமா இருந்தார். அப்பச் செஞ்ச கருவி ஒண்ணு இன்னிக்கும் ஹனோவர் நூலகத்துல பத்திரமா இருக்கு. அந்த நூலகத்துக்கே அவர் பேரைத்தான் வச்சிருக்காங்க.

மேதைதான், மறுக்கல. ஒண்ணையும் சைபரையும் மட்டும் வச்சு எல்லாக் கணக்கும் போடலாம்னு அவர் எழுதி வச்ச முறைதான் இன்னிக்கு உன் டேப்புக்குள்ள ஓடுது. ஆனா சம்பளம் கொடுத்த அரண்மனை அவருக்கு இட்ட வேலை வேற. தங்களோட வெல்ஃப் வம்சத்து வரலாற்றை எழுதித் தரணும்னு 1685-ல ஒப்படைச்சாங்க. அந்த வீட்டு ஜார்ஜ் 1714-ல இங்கிலாந்துக்கு ராசாவாப் போனப்ப, வரலாற்றை முடிச்சாத்தான் மத்த பேச்சுன்னு இவரை ஹனோவர்லயே நிறுத்திட்டுப் போயிட்டார். இவர் சாகும்போது எழுதி முடிச்சிருந்தது கி.பி. 1005 வரைக்கும்தான். எழுநூறு வருசம் பாக்கி! சரி, அவர் கருவி செய்றவர். கருவியைத் திருத்துறதே அவருக்கு ஒரு வேலை. நீ கருவியை வாங்குறவன். டேப் பழசாப் போனதால நின்னுபோன உன் வேலை எது? அதைச் சொல்லு, மாமன் இப்பவே 'வாங்கு'ன்னு கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.

முழுத் தப்பும் உன்னோடது இல்லைன்னும் எனக்குத் தெரியும். நீ குடியிருக்கிற ஊர் அப்படி. போர்ல இடிஞ்சு கிடந்த ஹனோவர்ல 1947-ல, லாட்சன் பக்கம் ஒரு உலோகத் தொழிற்சாலைக் கொட்டகையில ஏற்றுமதிச் சந்தையைப் போட்டாங்க. சோத்துக்கு ரேஷன் சீட்டு இருந்த காலம். சந்தைக்கு வந்தவங்களுக்குச் சீட்டு கேக்காம மீன் வச்ச ரொட்டி கொடுத்தாங்க. மீன்ரொட்டிச் சந்தைன்னே சனங்க பேரு வச்சுட்டாங்க. அதுல 1970-ல கம்ப்யூட்டருக்குன்னு ஒரு பெரிய மண்டபம் ஒதுக்கினாங்க. 1986-ல அது சீபிட்னு தனிச் சந்தையாப் பிரிஞ்சது. 2001-ல எட்டு லட்சம் பேருக்கு மேல வந்தாங்க. உலகத்துல எவன் எந்தப் பெட்டியைச் செஞ்சாலும் உங்க ஊர் மைதானத்துல கொண்டுவந்து வச்சுத்தான் கூவினான்.

நீ இன்னிக்கு ஆசைப்படுற கையடக்க டேப்போட பாட்டனும் அங்கதான் தலையைக் காட்டினான். 2006 மார்ச். மைக்ரோசாஃப்ட்டும் இன்டெல்லும் சேர்ந்து, ஒரு புதிர்ப் பேரை மட்டும் வெளியில விட்டு, என்னன்னு சொல்லாம சனத்தைத் துடிக்க விட்டாங்க. கடைசியில சீபிட்ல துணியை விலக்கினா, சாம்சங் கியூ1. ஏழு அங்குலத் திரை, 40 ஜிபி வட்டு, முக்கால் கிலோவுக்கு மேல எடை. ஐந்நூறு டாலருக்குள்ள கொடுக்கணும்ங்கிறது அவங்க ஆசை. கடைக்கு வந்தப்ப விலை ஆயிரத்தைத் தாண்டிருச்சு. பேட்டரி ரெண்டு மூணு மணி நேரம் தாங்கும். படுத்துக்கிட்டுப் படிச்சவன் மூக்கு என்ன ஆச்சோ!

அடுத்த வருசம், 2007 மார்ச். அதே ஊர், அதே சந்தை. சாம்சங் கியூ1 அல்ட்ரான்னு இன்னொண்ணு வந்து நின்னுச்சு. திரை அதே ஏழு அங்குலம்தான். புள்ளிகள் மட்டும் நெருக்கம். எழுத்துப் பலகையை ரெண்டாப் பிளந்து திரைக்கு வலம் இடமா வச்சிருந்தாங்க. முதல் வருசம் காசைக் கொட்டி வாங்கினவன் அன்னிக்கு அங்க நின்னு என்ன நினைச்சிருப்பான்? இப்ப நீ நினைக்கிறதைத்தான். மாத்தினவனும் இருந்திருப்பான், மாத்தாதவனும் இருந்திருப்பான். 2010-ல ஐபேட் வந்ததும் ரெண்டு பேரோட டேப்பும் ஒரே பரண்லதான் ஏறுச்சு. என்ன, ஒருத்தன் ஒரு தடவை செலவு பண்ணிட்டுப் பரண்ல போட்டான், இன்னொருத்தன் ரெண்டு தடவை செலவு பண்ணிட்டுப் போட்டான்.

விக்கிறவன் பேச்சையும் நம்பிக்கிட்டுத் திரியாதே. ஏழு அங்குல டேப் எல்லாம் பிறக்கும்போதே செத்த பிள்ளை, அதைத் தொடணும்னா விரலை உப்புத்தாள்ல தேய்ச்சுச் சின்னதாக்கணும்னு 2010 அக்டோபர்ல ஸ்டீவ் ஜாப்ஸ் நக்கலடிச்சார். சரியா ரெண்டு வருசம் கழிச்சு, 2012 அக்டோபர்ல அவர் கம்பெனியே 7.9 அங்குலத்துல ஐபேட் மினியைக் கொண்டுவந்து வச்சது. பெட்டிக்குள்ள உப்புத்தாள் இருந்ததா தகவல் இல்லை.

அதோட விட்டாங்களா? 2014-ல மூணாம் மினி வந்தது. முந்தின வருசத்து ரெண்டாம் மினிக்கும் அதுக்கும் சிப் ஒண்ணுதான், அதே ஏ7. திரையும் அதே திரை. தங்க நிறத்துல கிடைச்சது, விரல் ரேகை வச்சாத் திறந்தது. அமெரிக்காவுல பழசு 299 டாலர், புதுசு 399. விரல் வைக்கிறதுக்கு நூறு டாலர்! நம்ம ஊர் ரேஷன் கடையில காசு வாங்காமலே வைக்கச் சொல்றாங்க, மேக்கொண்டு அரிசியும் போடுறாங்க.

பாட்டு விஷயத்துலயும் உங்க ஊர் லேசுப்பட்டது இல்லை. கிராமஃபோனைக் கண்டுபிடிச்ச எமில் பெர்லினர் 1851-ல ஹனோவர்ல பிறந்தவர். அமெரிக்காவுக்குப் போய் 1887-ல அதைச் செஞ்சார். 1898-ல சொந்த ஊர்லயே டாய்ச்ச கிராமஃபோன்னு இசைத்தட்டுக் கம்பெனி தொடங்க வச்சார். ஊரை ஒட்டின லாங்கன்ஹாகன்ல இருந்த ஆலையிலதான் 1982 ஆகஸ்ட்ல முதல் முதலா சீடியை விக்கிறதுக்குன்னு அச்சடிச்சாங்க. நம்ம ஊர் மைக்செட்டுக்காரர் சீர்காழி கோவிந்தராஜன் பாட்டைத் தட்டுல ஒரு தடவை, கேசட்டுல ஒரு தடவை, சீடியில ஒரு தடவை வாங்கி, இப்ப பென் டிரைவ்ல வச்சிருக்கார். மாரியம்மன் பொங்கலுக்கு ஆத்தா காதுல விழுறது இன்னமும் அதே பாட்டுதான்.

அப்பேர்ப்பட்ட சீபிட் என்ன ஆச்சு? 2018 ஜூன்ல நடந்ததுதான் கடைசி. அந்த நவம்பர்லயே இனிமே கிடையாதுன்னு அறிவிச்சுட்டாங்க. புதுசு விக்கிற சந்தையே பழசாப் போச்சு, மாப்ளே. ஆனா லைனெ ஆத்தங்கரையில, ஹோஹெஸ் ஊஃபர்ல, 1967-ல ஆரம்பிச்ச பழைய சாமான் சந்தை இன்னிக்கும் சனிக்கிழமை சனிக்கிழமை நடக்குது. நீ என்னைக் கூட்டிக்கிட்டுப் போனியே, குண்டுப் பொம்பளைச் சிலைக மூணும் கலர் கலரா நிக்குமே, அந்த இடம்தான். பழசை வச்சுப் பிழைக்கத் தெரிஞ்ச ஊர்தான் அதுவும். ரயிலடி வாசல்ல 1861-ல வச்ச எர்ன்ஸ்ட் ஆகஸ்ட் ராசா சிலை இருக்கே, ஒருத்தரை ஒருத்தர் பாக்கணும்னா இன்னமும் அந்தக் குதிரை வாலுக்குக் கீழேதான் வந்து நிக்கிறாங்க. புதுக் குதிரை வேணும்னு யாரும் கேக்கலை.

இப்ப மாமன் தொழிலுக்கு வர்றேன். நம்ம பக்கம் மாடு மாத்துறவன் என்ன செய்வான்? மாட்டுத்தாவணியில தரகன் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடிச்சு விலை பேசுறதெல்லாம் அப்புறம். அதுக்கு முன்னாடி சொந்தத் தொழுவத்துல நிக்கிறதைப் பார்ப்பான். பல்லைப் பிடிச்சு வயசைப் பார்ப்பான். ஏர்ல பூட்டி நடையைப் பார்ப்பான். குளம்பைத் தூக்கி லாடத்தைப் பார்ப்பான். லாடம் தேஞ்சதுக்காக மாட்டைச் சந்தைக்கு ஓட்டினவனை ஊரே பார்த்துச் சிரிக்கும். உன் டேப்புக்கும் இந்த மூணு சோதனையைப் போட்டுட்டு அப்புறம் பேசு.

முதல்ல பல்லு. வயசாச்சுன்னு எப்பச் சொல்லலாம்? கம்பெனி புது மென்பொருள் கொடுக்கிறதை நிறுத்துறப்ப. 2025-ல வந்த ஐபேட்ஓஎஸ் 26, 2019-ல வந்த அஞ்சாம் மினியிலேயே ஏறுது. உன்னோடது ஆறாவது. பல்லு ஒண்ணுகூட ஆடலை.

ரெண்டாவது நடை. மெதுவா இருக்குன்னு சொன்னியே, அமைப்புகளுக்குள்ள போய் சேமிப்பு எவ்வளவு ரொம்பியிருக்குன்னு பார்த்தியா? நான் பார்த்தேன். கல்யாண வீடியோ மூணு பிரதி. குடும்ப வாட்ஸ்அப்ல வந்த காலை வணக்கப் படம் பூராவும். அதுல பாதி நான் அனுப்பினது, ஒத்துக்கிடுறேன். திரும்பப் பார்க்காத படம், தொடாத விளையாட்டு. மூச்சுவிட இடம் இல்லாட்டி எந்த டேப்பும் தத்தளிக்கத்தான் செய்யும். வேண்டாததை அழி, கல்யாண வீடியோவை ஒரு வட்டுக்கு மாத்து, அப்புறம் ஒரு வாரம் ஓட்டிப் பாரு. அதுக்குப் பிறகும் தள்ளாடினா என்னைக் கேளு.

மூணாவது லாடம். அதான் பேட்டரி. எந்தக் கம்பெனியோடதா இருந்தாலும் அது தேயுற சாமான். ஐபேட் பேட்டரி ஆயிரம் தடவை முழுசா ஏறி இறங்கினப்புறமும் நூத்துக்கு எண்பது பங்கு தாங்குற மாதிரி செஞ்சிருக்கோம்னு அந்தக் கம்பெனி சொல்லுது. நீ தலைமாட்டுல வச்சுக்கிட்டு ராப்பகலா ஏத்தி இறக்குறவன். நாலு வருசத்துல மத்தியானத்தோட படுத்துட்டா அதிசயமில்லை. காசைக் கட்டினா பேட்டரியை மாத்திக் கொடுக்கிறாங்க. புதுசு விலைக்கு முன்னால அது சின்னத் தொகை. லாடம் அடிக்கிற கூலிக்குப் பயந்து மாடு வாங்கப் போறேங்கிறே.

இதுல ஐரோப்பாக்காரன் ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கான். 2025 ஜூன் 20-ல இருந்து, 7 அங்குலத்துல ஆரம்பிச்சு 17.4 அங்குலத்துக்குக் கீழே இருக்கிற புது டேப் எல்லாத்துக்கும் சட்டம் வந்துருச்சு. பேட்டரி 800 தடவை ஏறி இறங்கின பிறகும் எண்பது சதம் தாங்கணும். ஒரு மாடல் விற்பனையை நிறுத்தின பிறகு அஞ்சு வருசம் மென்பொருள் கொடுக்கணும், ஏழு வருசம் உதிரிப் பாகம் கொடுக்கணும். எவ்வளவு சுலபமாப் பழுது பார்க்கலாம்னு ஏ-யில இருந்து ஈ வரைக்கும் தரம் போட்டு அட்டையில ஒட்டணும். சர்க்காரே வச்சு ஓட்டுங்கடான்னு சட்டம் போட்டிருக்கு. நீ மாத்தணும்னு துடிக்கிறே. இனிமே எப்ப டேப் வாங்கினாலும் கேமராவைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அந்த அட்டையைப் படி.

"புதுசுல ஏஐ இருக்கு மாமா"ன்னு கடைசித் துருப்பை எறிஞ்சே. இருக்கு. பழைய சிப்ல ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் ஓடாது, அதுவும் உண்மைதான். ஆனா அதுக்காகவே செஞ்சதுன்னு கூவி 2024 அக்டோபர்ல ஜெர்மனியில அந்த டேப்பை வித்தப்ப, அந்த அறிவு ஐரோப்பாவுக்கு வந்து சேரலை. 2025 வசந்தத்துலதான் வந்தது. வந்தப்ப இருந்த மொழிப் பட்டியல்ல ஜெர்மன் இருந்தது, தமிழ் இல்லை. ஆபீஸ் கடுதாசியைத் திருத்தித் தரும், நீளமா இருக்கிறதைச் சுருக்கித் தரும். உனக்கு ஆபீஸ்லயே ஒரு கம்ப்யூட்டர் கொடுத்து அதையெல்லாம் செய்யச் சொல்லிச் சம்பளமும் கொடுக்கிறாங்களே, பத்தலையா?

புதுசே வாங்கக் கூடாதுன்னு சொல்ற கிழவன்னு என்னை நினைச்சுடாதே. தேவைன்னு ஒண்ணு உண்டு. 2011 அக்டோபர்ல டெல்லியில ஆகாஷ்னு ஏழு அங்குல டேப் விட்டாங்க, அரசுக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் அடக்கம். திரையை அழுத்தி அழுத்தித் தேய்க்கணும், ஆமை வேகம், எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா கையில ஒண்ணுமே இல்லாத பிள்ளைகளுக்குன்னு நினைச்சுச் செஞ்சாங்க. 2025 பட்ஜெட்ல தமிழ்நாட்டு அரசும் ரெண்டு வருசத்துல 20 லட்சம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தர்றதா அறிவிச்சது. இல்லாதவனுக்கு வாங்குறது தேவை. படம் வரைஞ்சு பிழைக்கிறவன், அந்தப் புதுப் பேனாவால கூலி ஏறும்னா வாங்குறதும் தேவை.

உன் மச்சான், அதான் என் மகன், உங்க ஊர் லிண்டன் பகுதியில குடியிருக்கானே, அவன் கையில இருக்கிறது 2015-ல வந்த நாலாம் மினி. அதுக்கு மென்பொருள் 15-ஆம் பதிப்போட நின்னுபோச்சு. செயலி ஒவ்வொண்ணா கையை விரிக்குது. அவனுக்குப் பல்லே கொட்டிப்போச்சு, அவன் மாத்தலாம். ஆனா அவன் கேக்க மாட்டான், கூச்சப்படுற பிள்ளை. இதை எதுக்கு இங்க சொல்றேன்னு உனக்கே தெரியும். தெரியாட்டியும் பரவாயில்லை, கொஞ்ச நேரத்துல புரிஞ்சுடும்.

இவ்வளவும் கேட்டுட்டு, வாங்கியே தீருவேன்னு நின்னா, அதுக்கும் வழி சொல்லி வைக்கிறேன். கடையில போய் வாங்காதே, இணையத்துல வாங்கு. ஜெர்மனியில இணையத்துல வாங்கினா 14 நாளைக்குள்ள காரணம் சொல்லாமத் திருப்பிக் கொடுக்கலாம். நேர்ல கடையில வாங்கினதுக்கு அந்த உரிமை சட்டத்துல கிடையாது. அந்த ரெண்டு வாரமும் பழசையும் புதுசையும் ரெண்டு கையில வச்சுக்கிட்டு, பழசால முடியாம புதுசால மட்டும் முடிஞ்ச காரியத்தை ஒரு தாள்ல எழுது. தாள் வெறுமையா இருந்தா பதிமூணாம் நாள் தபால்ல போட்டுடு. எதை வச்சுக்கிட்டாலும் ரசீதைத் தொலைக்காதே, ரெண்டு வருசத்துக்கு விக்கிறவன் பொறுப்பு. இன்னொரு தந்திரமும் இருக்கு: ரெண்டு மூணு வருசத்துக்கு ஒரு தடவை அடுத்தது வந்துக்கிட்டேதான் இருக்கு. அது வர்ற அன்னிக்கு, இன்னிக்கு நீ ஏங்குற டேப் கடையில விலை இறங்கிக் கிடக்கும். ஏங்கிக்கிட்டே இருக்கிறதுக்குக் காசு ஆகாது.

செத்துப்போன டேப் ஏதாவது உன் இழுப்பறையில கிடக்கும், அதையும் வெளியே எடு. வீட்டுக் குப்பையில போட்டா உள்ள இருக்கிற லித்தியம் தீப்பிடிக்கும். அந்த ஊர்ல மின்சாமான் விக்கிற பெரிய கடைங்க, 400 சதுர மீட்டருக்கு மேல விற்பனை இடம் இருக்கிறதெல்லாம், நீளம் 25 சென்டிமீட்டருக்குள்ள இருக்கிற பழைய சாமானைப் புதுசு வாங்கச் சொல்லாமலே இலவசமா வாங்கிக்கணும். மினி இருபது சென்டிமீட்டருக்கும் குறைச்சல்தான், தாராளமா வாங்குவாங்க. உள்ளே இருக்கிறதை அழிச்சுட்டுக் கொடு.

ஆனா ஓடுற டேப்பைக் குப்பைக்குக் கொடுத்தா மாமனுக்குக் கெட்ட கோபம் வரும். நீ புதுசு வாங்குற பட்சத்துல, இப்ப உன்கிட்ட இருக்கிறது லிண்டனுக்குப் போகணும். பேனாவோட. புதுசுல அது எழுதாதுன்னு மேலேயே படிச்சுக் காட்டிட்டேன், அதை வச்சு நீ என்ன பண்ணப் போறே? வாங்காட்டி உன் காசு மிச்சம், வாங்கினா என் மகனுக்கு டேப். மாமன் எந்தப் பக்கமும் சாயாம, நடுநிலையா நின்னுதான் யோசனை சொல்றேன்னு இப்ப நம்புறியா?

முடிவு இதுதான், எழுதி வச்சுக்கோ. பேட்டரியை மாத்து, குப்பைப் படத்தை அழி, உன் மினியை இன்னும் ரெண்டு மூணு வருசம் ஓட்டு. மனசு கேக்கலைன்னா வாங்கிக்கோ, உன் சம்பாத்தியம், யாரும் தடுக்கலை. ஆனா பிள்ளை படிப்பு, அம்மா முகம், சங்க இலக்கியம்னு ஊரையெல்லாம் சாட்சிக்கு இழுக்காதே. "எனக்கு ஆசையா இருக்கு"ன்னு வீட்டுக்காரிகிட்ட நேராச் சொல்லு. நாலு வார்த்தை திட்டுவா, அப்புறம் வாங்கிக்கோம்பா. பொய்க் காரணம் சொல்லி வாங்கினியோ, அந்த டேப் பழசாகிற வரைக்கும் திட்டுவா.